யூரோவிஷனுக்கு ஒரு நாடு எப்படிப் பாட்டுப் பிடிக்கிறது?

2015 மார்ச் 5, ஜெர்மனியின் ஹனோவர் நகரம். நேரலை நிகழ்ச்சி. ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு அந்த ஆண்டு ஜெர்மனி சார்பில் யார் போவது என்று மக்கள் ஓட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஆண்ட்ரேயாஸ் கும்மெர்ட் என்ற தாடிக்காரப் பாடகருக்கு 78.7 சதவீத ஓட்டு. பெயரை அறிவித்ததும் அரங்கமே ஆர்ப்பரித்தது. அவரோ மைக்கைப் பிடித்து, இந்த வெற்றியை ஏற்கும் நிலையில் தான் இல்லை, இரண்டாவதாக வந்த ஆன் சோஃபியே போகட்டும் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மே மாதம் வியன்னாவில் ஆன் சோஃபிதான் பாடினார். ஜெர்மனிக்குக் கிடைத்த புள்ளி பூஜ்யம்.

யூரோவிஷன் என்றால் மே மாத இறுதிச் சுற்று, வாணவேடிக்கை, வினோத உடைகள் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். மே மாதம் நடப்பது கல்யாணம். டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை ஒவ்வொரு நாட்டிலும் நடப்பது பெண் பார்க்கும் படலம். என்னைப் போன்ற ரசிகர்களுக்குக் கல்யாணத்தைவிட இதில்தான் சுவாரஸ்யம் அதிகம். சண்டை, சம்பந்தம் முறிவது, கடைசி நிமிடத்தில் மாப்பிள்ளை மாறுவது எல்லாம் இங்கேதான் நடக்கும். ரசிகர்கள் இதை ‘நேஷனல் ஃபைனல் சீசன்’ என்பார்கள். நாம் தேசியத் தேர்வு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அடிப்படை. யூரோவிஷனை நடத்துவது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளோடு தொடங்கியது. அந்த ஒரு ஆண்டு மட்டும் நாட்டுக்கு இரண்டு பாட்டு. அப்புறம் எப்போதும் நாட்டுக்கு ஒரே பாட்டுதான். 2025இல் பாசெல் நகரில் 37 நாடுகள் வந்தன. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம், போட்டியிடுவது அரசு அல்ல, அந்த நாட்டின் பொதுத் தொலைக்காட்சி. பிரிட்டனுக்கு பிபிசி, இத்தாலிக்கு ராய், ஸ்வீடனுக்கு எஸ்விடி. நம்ம ஊர் தூர்தர்ஷன் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் பாட்டுக்கு ஒன்றியம் போடும் நிபந்தனைகள் கொஞ்சம்தான். பாட்டு 3 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மேடையில் 6 பேருக்கு மேல் நிற்கக்கூடாது. பாடுபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். முதன்மைக் குரல் மேடையிலேயே பாடப்பட வேண்டும். முந்தைய ஆண்டு செப்டம்பர் 1க்கு முன்னால் பாட்டு விற்பனைக்கு வந்திருக்கக்கூடாது. மார்ச் நடுவில் பாட்டை ஒப்படைத்துவிட வேண்டும். பாடுபவர் அந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட விதி கிடையாது. 1988இல் சுவிட்சர்லாந்துக்காகப் பாடி ஜெயித்த செலின் டியோன் கனடாக்காரர்.

பாட்டை எந்த வழியில் பிடித்தாய் என்று ஒன்றியம் கேட்பதில்லை. அதனால் நாட்டுக்கு நாடு வழி மாறும். சில நாடுகள் வாரக்கணக்கில் போட்டி வைத்து மக்களை ஓட்டுப் போடச் சொல்கின்றன. சில நாடுகளில் தொலைக்காட்சி அதிகாரிகள் அறைக்குள் உட்கார்ந்து ஆளை முடிவுசெய்து ஒரு நாள் காலை அறிவித்துவிடுகிறார்கள். பாடகரைத் தாங்களே முடிவுசெய்து, எந்தப் பாட்டு என்பதை மட்டும் மக்களிடம் விடும் நாடுகளும் உண்டு.

இந்தத் தேர்வின் முடிச்சு ஓட்டு விதியில் இருக்கிறது. மே மாதத்தில் எந்த நாடும் தன் சொந்தப் பாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது. ஒவ்வொரு நாடும் மற்ற நாடுகளின் பாட்டுகளுக்கு 1 முதல் 8 வரை, அப்புறம் 10, 12 என்று புள்ளி தரும். நடுவர்கள் ஒரு தொகுப்பு, மக்கள் ஒரு தொகுப்பு. அதாவது குளிர்காலத்தில் பாட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு, மே மாதத்தில் அதற்கு மார்க் போடுபவர்கள் வேறு. வீட்டுக்காரர்கள் ருசி பார்த்து ஒரு குழம்பை அனுப்புகிறார்கள், சாப்பிடப்போவது ஊர். நம் வீட்டுக்குப் பிடித்ததை அனுப்புவதா, ஊருக்குப் பிடிக்கும் என்று நாம் நினைப்பதை அனுப்புவதா? ஒவ்வொரு நாட்டின் தேர்வு முறையும் இந்தக் கேள்விக்கு அந்த நாடு சொல்லும் பதில்தான்.

இந்தக் கேள்வியை ஸ்வீடன் அளவுக்கு விடாமல் குடைந்த நாடு வேறில்லை. அங்கே தேர்வுப் போட்டியின் பெயர் மெலோடிஃபெஸ்டிவாலென். அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக மெல்லோ என்பார்கள். 2002இலிருந்து இது ஊர் ஊராகப் போகிறது, நம்ம ஊர் நாடகக் கம்பெனி கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. 2025இல் வடக்கே பனி மூடிய லூலியோவில் தொடங்கி, கோதன்பர்க், வெஸ்டெரோஸ், மால்மோ, யோன்ஷோப்பிங் எல்லாம் சுற்றி ஸ்டாக்ஹோமில் முடிந்தது. ஆறு சனிக்கிழமைகள், 30 பாட்டுகள், இறுதிக்கு வந்தவை 12. சுமார் ஒரு கோடிப் பேர் உள்ள நாட்டில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறுதிச் சுற்றைப் பார்ப்பது சர்வசாதாரணம்.

ஓட்டுப் போடும் முறையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைபேசிச் செயலியில் ஓர் இதயத்தைத் தொட வேண்டும். ஒரு பாட்டுக்கு ஐந்து முறை தொடலாம், காசு கிடையாது. செயலியில் உங்கள் வயதைப் பதிந்திருப்பீர்கள். 3 முதல் 9 வயது ஒரு குழு, 10 முதல் 15 ஒரு குழு, இப்படியே போய் 75ஐத் தாண்டியவர்கள் ஒரு குழு என்று மொத்தம் ஏழு. தொலைபேசியில் ஓட்டுப் போடுபவர்கள் எட்டாவது குழு. ஒவ்வொரு குழுவின் புள்ளிக்கும் ஒரே எடை. பல் விழுந்த பேரனின் குழுவும் பல் செட் வைத்த பாட்டியின் குழுவும் தலா ஒரு 12 புள்ளி தரும். 2019இல் இதைக் கொண்டுவந்தார்கள். காரணம் எளிது: இதயத்தைத் தொடுவது இலவசம் என்றதும் பிள்ளைகள் எல்லாப் பாட்டுக்கும் தொட்டுத் தள்ளினார்கள், பாட்டுகளுக்கு இடையே வித்தியாசமே தெரியாமல் போனது.

இதோடு விட்டிருந்தால் அது வெறும் உள்ளூர்ப் போட்டி. இறுதிச் சுற்றில் பாதிப் புள்ளி எட்டு வெளிநாடுகளின் நடுவர் குழுக்களிடம் இருக்கிறது. குழம்பை ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு ஒரு கரண்டி ஊற்றிக் காட்டுகிறார்கள். எளிமையான யோசனைதான். ஆனால் சொந்தத் தேர்வில் வெளியாளுக்குப் பாதி அதிகாரம் கொடுக்க ஒரு நாட்டுக்கு மனசு வர வேண்டும்.

ஸ்வீடனும் எடுத்த எடுப்பிலேயே இங்கே வந்துவிடவில்லை. 1973இல் நான்கு பேர் கொண்ட ஒரு குழு மெல்லோவில் பாடியது. மக்களுக்குப் பிடித்திருந்தது. நிபுணர்கள் குழு அவர்களுக்கு மூன்றாமிடம் கொடுத்தது. எழுந்த கூச்சலில் அந்த நிபுணர் முறையையே அடுத்த ஆண்டு கைவிட்டார்கள். அதே நால்வர் 1974இல் திரும்பி வந்தார்கள், மெல்லோவை ஜெயித்தார்கள், பிரிட்டனின் பிரைட்டன் நகரில் யூரோவிஷனையும் ஜெயித்தார்கள். இப்போது அவர்கள் பெயர் அப்பா (ABBA). லொரீனின் கதையும் இப்படித்தான். 2011 மெல்லோவில் இரண்டாவது வாய்ப்புச் சுற்றோடு வெளியேறினார், இறுதிக்கே வரவில்லை. அடுத்த ஆண்டு வேறு பாட்டோடு வந்து, பாகு நகரில் 372 புள்ளியோடு யூரோவிஷனை வென்றார். 2023இல் லிவர்பூலில் இன்னொரு முறை. இரண்டு முறை வென்ற ஒரே பெண் அவர். ஒரு முறை தோற்றவர்கள் கூச்சப்படாமல் திரும்பி வரலாம் என்பதுதான் ஸ்வீடன் கட்டி வைத்திருக்கும் உண்மையான சொத்து என்பது என் கட்சி. மற்ற நாடுகளில் தோற்றவர்கள் தலைமறைவாகிவிடுகிறார்கள்.

2025 மார்ச்சில் இதே மெல்லோ என்னையும் ஏமாற்றியது. 2015இல் யூரோவிஷனை வென்ற மோன்ஸ் செல்மர்லோவ் மறுபடி போட்டியில் நின்றார். அவர்தான் என்று நான் நண்பர்களிடம் பந்தயம் கட்டியிருந்தேன். ஜெயித்தது காய் என்ற மூவர் குழு. ஃபின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மைப் பகுதியான வோரோவிலிருந்து வந்தவர்கள். பாட்டு நீராவிக் குளியலைப் பற்றி, அதுவும் அந்த வட்டாரப் பேச்சில். 1998க்குப் பிறகு ஸ்வீடன் ஸ்வீடிஷ் மொழியில் பாட்டு அனுப்பியதே அப்போதுதான். ஆங்கிலத்தில் பளபளவென்று பாட்டு செய்வதில் பேர் வாங்கிய நாடு, பக்கத்து நாட்டு ஆட்களைப் பிடித்துத் தன் சொந்த மொழியில் பாட வைத்தது. பாசெலில் நான்காமிடம். பந்தயக் காசு போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

இத்தாலியின் கதை நேர் எதிர். சான்ரெமோ இசை விழா 1951இல் தொடங்கியது. யூரோவிஷனுக்கு அதுதான் அக்கா. அதைப் பார்த்துத்தான் யூரோவிஷனையே அமைத்தார்கள். பிப்ரவரியில் ஐந்து இரவுகள், அரிஸ்டன் தியேட்டர், பாடி முடித்தவர் கையில் பூங்கொத்து. நாடே அதைப் பற்றித்தான் பேசும். ஃபான்டாசான்ரெமோ என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. உங்களுக்கு 100 பௌதி என்ற பொய்க் காசு கொடுத்து, பாடகர்களை வாங்கி ஓர் அணி கட்டச் சொல்வார்கள். ஐபிஎல் நேரத்தில் நம் பையன்கள் கைபேசியில் அணி கட்டுவது போலத்தான். மேடையில் பாடகர் ஏதாவது கிறுக்குத்தனம் செய்தால் உங்களுக்குப் புள்ளி. அதற்காகவே பாடகர்களும் செய்வார்கள்.

சான்ரெமோவில் ஜெயிப்பவருக்கு, விருப்பமிருந்தால் யூரோவிஷனுக்குப் போகும் உரிமை கிடைக்கும். விருப்பமிருந்தால் என்பதைக் கவனிக்க வேண்டும். 2025இல் ஜெயித்த ஓலி போகவில்லை. இரண்டாவதாக வந்த லூச்சோ கோர்சி போய் ஐந்தாமிடம் பிடித்தார். 2016லும் ஜெயித்த ஸ்தாதியோ குழு மறுத்து, இரண்டாமிடத்து ஃப்ரான்செஸ்கா மிக்கியெலின் போனார். இத்தாலியர்களுக்கு சான்ரெமோதான் பரிசு. யூரோவிஷன் கூடவே கிடைக்கும் எவர்சில்வர் டப்பா. யூரோவிஷனுக்கென்று யாரும் அங்கே பாட்டு எழுதுவதில்லை. பாட்டு 3 நிமிடத்தைத் தாண்டியிருந்தால் அப்புறம் வெட்டிக்கொள்வார்கள். இப்படி ஊரை நினைக்காமலே அனுப்பியும் 2011இல் திரும்பி வந்ததிலிருந்து இத்தாலி பெரும்பாலும் முதல் பத்துக்குள் இருக்கிறது. 2021இல் மோனெஸ்கின் குழு சான்ரெமோவையும் யூரோவிஷனையும் ஒரே பாட்டில் அள்ளியது. காரணம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். நாட்டின் பெரிய பாடகர்கள் தயங்காமல் வந்து நிற்கிறார்கள். தோற்றாலும் சான்ரெமோவில் பாடினேன் என்பது கௌரவம். வேறு எந்த நாட்டிலும் இந்த அளவுக்கு அந்தக் கௌரவம் கிடையாது.

ஒரு சின்ன விஷயம். சான்ரெமோ இறுதி இரவு இத்தாலி நேரப்படி நள்ளிரவைத் தாண்டி இழுத்துக்கொண்டே போகும். இங்கே நமக்கு விடிந்துவிடும். பால் பாக்கெட் எடுக்க எழுந்த அம்மா, சோபாவில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, “இன்னும் முடியலையா? அவங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

சரி, மக்களே முடிவுசெய்தால் பிரச்சினை இல்லையா? நடுவர்களும் மக்களும் சேர்ந்தால் சரியாக வந்துவிடுமா? இதற்கு ஸ்பெயினின் 2022 கதையைவிட நல்ல பாடம் இல்லை. பல ஆண்டுகள் கடைசி வரிசையில் உட்கார்ந்து சலித்த ஸ்பெயின் தொலைக்காட்சி, பெனிடோர்ம் என்ற கடற்கரை ஊரில் புதிதாக ஒரு விழா தொடங்கியது. மூன்று பெயர்கள் முன்னால் வந்தன. தன்ஷுகெய்ராஸ் என்று மூன்று பெண்கள், கலீசிய மொழியில், கையில் கஞ்சிரா மாதிரியான டாம்பரின் வைத்துப் பாடியவர்கள். ரிகோபெர்தா பந்தினி, தாய்மையைப் பற்றிய பாட்டோடு. மூன்றாவது, நடனத்தில் பின்னியெடுத்த சனெல்.

புள்ளிக் கணக்கு இப்படி: தொழில்முறை நடுவர்களுக்குப் பாதி, மக்கள்தொகைக்கு ஏற்பப் பொறுக்கியெடுத்த பார்வையாளர் குழுவுக்குக் கால், வீட்டிலிருந்து ஓட்டுப் போடுபவர்களுக்குக் கால். வீட்டு ஓட்டில் தன்ஷுகெய்ராஸுக்குச் சுமார் 70 சதவீதம் விழுந்தது. சனெலுக்கு 4 சதவீதம்கூட இல்லை. ஜெயித்தது சனெல். எழுபது சதவீதம் வாங்கினாலும் முதலிடத்துக்கு 30 புள்ளிதான். நாலு சதவீதம் வாங்கியவருக்கும் 20 புள்ளி வந்துவிடும். இந்த மாற்றுக் கணக்கில்தான் அந்த 70 சதவீதம் காணாமல் போனது. விஷயம் நாடாளுமன்றம் வரை போனது, கட்சிகள் விளக்கம் கேட்டன. பாவம், விதி எழுதாத சனெலுக்கு இணையத்தில் விழுந்த வசவில் அவர் தன் ட்விட்டர் கணக்கையே மூடினார்.

மே மாதம் துரின் நகரில் சனெல் 459 புள்ளியோடு மூன்றாமிடம். 1995க்குப் பிறகு ஸ்பெயினுக்கு அதுவே சிறந்த இடம். திட்டியவர்களே கொடியோடு விமான நிலையத்துக்குப் போகிற அளவுக்குக் காற்று மாறியது. அப்படியானால் நடுவர்கள் சொன்னது சரியா? நானும் அன்று ஆமாம் என்றுதான் சொன்னேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தன்ஷுகெய்ராஸ் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேர்வின் சாபமே அதுதான், போகாத பாட்டுக்கு மார்க் கிடையாது. தவிர, ஸ்பெயின் மக்களைக் கேட்டது தங்களுக்கு எது பிடிக்கிறது என்று. எது ஜெயிக்கும் என்று கேட்கவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்வி.

வீட்டுக்காகத் தேர்ந்தெடுத்த பாட்டு எப்படிப் போகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று. அப்பா குழு ஜெயித்த அதே 1974 ஏப்ரல் 6, அதே பிரைட்டன் மேடை. போர்ச்சுகல் தன் தேசியத் தேர்வில் ஜெயித்த பாவ்லோ தெ கர்வாலியோவை அனுப்பியிருந்தது. பிரிவைப் பற்றிய காதல் பாட்டு. கிடைத்தது 3 புள்ளி, கடைசி இடத்தை வேறு சில நாடுகளோடு பகிர்ந்துகொண்டது. ஏப்ரல் 24 இரவு 10.55க்கு லிஸ்பன் வானொலி ஒன்று அந்தப் பாட்டைப் போட்டது. அதுதான் ராணுவத்தில் ரகசியமாகத் திட்டமிட்டிருந்தவர்களுக்குத் தயாராகுங்கள் என்ற முதல் அடையாளம். நாட்டுக்கே தெரிந்த பாட்டு என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறுநாள் பல பத்தாண்டு சர்வாதிகாரம் விழுந்தது. அதே போர்ச்சுகல் யூரோவிஷனை முதல் முறையாக வென்றது 2017இல், 1964இல் நுழைந்து 53 ஆண்டுகள் கழித்து. அதுவும் சல்வதோர் சோப்ரால் போர்ச்சுகீசிய மொழியில் பாடிய அமைதியான பாட்டுக்கு 758 புள்ளி.

இனி கதவைச் சாத்திக்கொண்டு தேர்ந்தெடுக்கும் முறை. இதற்குச் சார்பாகப் பேசுபவர்கள் நெதர்லாந்தைக் காட்டுவார்கள். 2005 முதல் 2012 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்த நாடு இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. போட்டி வைத்தும் பார்த்தார்கள், நேரே ஆளை அனுப்பியும் பார்த்தார்கள். 2013இல் அனூக் என்ற பிரபல ராக் பாடகி தானே முன்வந்து போனார், ஒன்பதாமிடம். பெரிய ஆளே போகிறாரே என்றதும் மற்றவர்களுக்குக் கூச்சம் விட்டது. அடுத்த ஆண்டு இரண்டாமிடம், 2019இல் டங்கன் லாரன்ஸ் மூலம் வெற்றி. எல்லாம் உள்ளேயே செய்த தேர்வுகள்.

எதிர்த்துப் பேசுபவர்களுக்கு பிரிட்டன் கை கொடுக்கும். 2021இல் உள்ளே தேர்ந்தெடுத்து அனுப்பிய ஜேம்ஸ் நியூமனுக்கு நடுவர்களிடமும் பூஜ்யம், மக்களிடமும் பூஜ்யம். அடுத்த ஆண்டு அதே மாதிரி உள்ளே தேர்ந்தெடுத்த சாம் ரைடர் 466 புள்ளியோடு இரண்டாமிடம். முறையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பிபிசியில் நினைத்திருப்பார்கள். 2023இல் 26 பேரில் 25ஆவது. 2024இலும் 2025இலும் மக்கள் ஓட்டில் பூஜ்யம். முறை ஒன்றேதான், மாறியது ஆளும் பாட்டும்.

சுவிட்சர்லாந்து இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வைத்திருக்கிறது. 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு முறை அரையிறுதியிலேயே கழன்ற பிறகு, டிவி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, சாதாரணப் பார்வையாளர்கள் 100 பேர் கொண்ட ஒரு குழுவையும் பல நாட்டு இசைக்காரர்கள் குழு ஒன்றையும் வைத்துச் சத்தமில்லாமல் தேர்ந்தெடுத்தது. 2019இல் நான்காமிடம், 2021இல் மூன்றாமிடம், 2024இல் நெமோ மூலம் வெற்றி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரசிகனாக எனக்கு ஒரு குறை: பிப்ரவரி சனிக்கிழமை இரவில் பார்க்க ஒன்றும் கிடையாது. ஜெயிப்பதற்காகக் குளிர்காலத்தையே விற்றுவிட்டார்கள்.

தேர்வுகள் பாட்டோடு நிற்பதில்லை. 2006 மார்ச்சில் செர்பியாவும் மாண்டினீக்ரோவும் இன்னும் ஒரே நாடு. பெல்கிரேடில் கூட்டுத் தேர்வு. மாண்டினீக்ரோ நடுவர்கள் செர்பியாவின் முன்னணிக் குழுவுக்கு ஒரு புள்ளிகூடத் தரவில்லை. மாண்டினீக்ரோவின் நோ நேம் குழு ஜெயித்தது, அரங்கத்தில் பாட்டில்கள் பறந்தன, ஜெயித்தவர்களால் மேடையில் நிற்க முடியவில்லை. இரு தொலைக்காட்சிகளும் ஒத்துப்போகாமல் நாடே போட்டியிலிருந்து விலகியது. மே 20 யூரோவிஷன் இறுதிச் சுற்று. மறுநாள் மே 21, மாண்டினீக்ரோவில் பொது வாக்கெடுப்பு, பிரிவது என்று முடிவு. பாட்டுப் போட்டியால் நாடு பிரிந்தது என்று சொல்லவரவில்லை. ஆனால் ஒரு பாட்டுக்குக்கூட ஒத்துப்போக முடியவில்லை என்பது இரண்டு மாதம் முன்பே டிவியில் தெரிந்துவிட்டது.

உக்ரைனின் தேர்வுக்கு விட்பிர் என்று பெயர். 2019இல் ஜெயித்த மரூவிடம், ரஷ்யாவில் பாடுவது பற்றித் தொலைக்காட்சி போட்ட நிபந்தனைகளில் உடன்பாடு வராமல், அடுத்தடுத்த இடத்தவர்களும் மறுத்து, அந்த ஆண்டு உக்ரைன் போகவே இல்லை. அந்த நிகழ்ச்சியில் நடுவராக உட்கார்ந்திருந்த ஜமாலா (2016இல் யூரோவிஷனை வென்றவர், கிரிமியத் தாத்தார் இனத்தவர்), ரஷ்யா கைப்பற்றிய கிரிமியா உக்ரைனுடையதா என்று நேரலையிலேயே மரூவிடம் கேட்டார். 2022இல் ஜெயித்த அலினா பாஷ், முன்பு கிரிமியா போய்வந்ததற்குக் காட்டிய ஆவணம் உண்மைதானா என்ற சர்ச்சையில் விலகினார். இரண்டாவதாக வந்த கலுஷ் ஆர்க்கெஸ்ட்ராவை அனுப்புவது என்று முடிவானபோது போர் தொடங்க இரண்டே நாள் இருந்தது. மே மாதம் அவர்கள் மக்கள் ஓட்டில் மட்டும் 439 புள்ளி வாங்கி ஜெயித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அடுத்த விட்பிர். குண்டு விழும் என்பதால் கீவ் நகரின் மைதான் மெட்ரோ நிலையத்தில், தரைக்கு அடியில் மேடை போட்டார்கள். அதைப் பார்த்தபோது சாதாரணமாக நான் செய்யும் உடை விமர்சனம் எதுவும் வாயில் வரவில்லை.

அண்மையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேல் கலந்துகொள்வதை எதிர்த்து ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவீனியா, ஐஸ்லாந்து ஆகிய ஐந்தும் 2026 போட்டிக்கு வரமாட்டோம் என்று 2025 டிசம்பரில் அறிவித்தன. பெனிடோர்ம் விழாவை மட்டும் ஸ்பெயின் விடவில்லை; யூரோவிஷன் டிக்கெட் இல்லாமலே நடத்துவது என்று முடிவுசெய்தது. நான்கே ஆண்டில் அந்த விழா சான்ரெமோ மாதிரி சொந்தக் காலில் நிற்கப் பார்க்கிறது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, எல்லா நாட்டையும் துரத்தாதீர்கள். பிப்ரவரியில் ஒரே சனிக்கிழமை ஐந்தாறு நாடுகளின் இறுதிச் சுற்று ஒன்றாக வரும். மூன்று திரையில் பார்த்து ஒன்றும் மனதில் நிற்காமல் போன அனுபவம் எனக்கு இருக்கிறது. ஒரு நாட்டைப் பிடியுங்கள். டிசம்பரில் முதலில் வருவது அல்பேனியாவின் விழா, 1962இலிருந்து நடக்கிறது. அங்கே ஜெயித்த பாட்டு மே மாதத்துக்குள் மொழி மாறி, தாளம் மாறி, அடையாளம் தெரியாமல் வருவதும் உண்டு. ரசிகர்கள் அதை ‘ரிவாம்ப்’ என்று சொல்லித் திட்டுவார்கள். ஃபின்லாந்தின் தேர்வு சின்னது, ஒரே இரவில் முடியும், பாட்டுகளின் தரம் பிரமாதம். நார்வேயின் தேர்வான எம்ஜிபியில் 2020இல் இணைய ஓட்டு அமைப்பே படுத்துவிட்டது. பாட்டைவிட அன்றைய குழப்பம்தான் நினைவில் நிற்கிறது.

பார்க்கும்போது மூன்றாவது, நான்காவது இடத்துக்காரர்களையும் குறித்து வையுங்கள், அடுத்த ஆண்டு அவர்கள் திரும்பி வரலாம். காத்திருப்போர் பட்டியலையும் விடாதீர்கள். 2024இல் குரோவேஷியாவின் தேர்வுக்கு பேபி லசானியா என்ற பெயரில் பாடுபவர் முதலில் தேர்வாகவே இல்லை, காத்திருப்போரில் முதலாவது. ஒரு பாடகி விலகியதால் இடம் கிடைத்தது. மாட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பும் ஒரு கிராமத்துப் பையனைப் பற்றிய பாட்டு. தேர்வை ஜெயித்து, மால்மோவில் மக்கள் ஓட்டில் முதலிடம், மொத்தத்தில் இரண்டாமிடம்.

நேரக் கணக்கு சுலபம். மெல்லோ அங்கே இரவு 8 மணிக்கு, நமக்கு 12.30. யூரோவிஷன் இறுதிச் சுற்று அங்கே 9 மணிக்கு. ஆனால் மே மாதத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருப்பார்கள், ஆகவே நமக்கு அப்போதும் 12.30தான். நாலு மணி நேரம் ஓடும். 2023இலிருந்து நாமும் ஓட்டுப் போடலாம். போட்டியில் இல்லாத நாட்டுக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே நாடாகக் கணக்கிட்டு, அந்தக் கூட்டு நாட்டின் 12 புள்ளியை அறிவிக்கிறார்கள். இணையத்தில் கொஞ்சம் காசு கட்ட வேண்டும். முதல் முறை நான் கட்டப் போனபோது என் வங்கி அட்டையை அந்தத் தளம் ஏற்கவில்லை. நண்பனின் அட்டையை வாங்கி ஓட்டுப் போட்டேன். நான் போட்ட பாட்டுக்கு அந்த ஆண்டு பன்னிரண்டு வரவில்லை. நண்பனுக்குப் பணம் இன்னும் தரவில்லை.